மூணாங்கல்லில் நிற்கும் பிள்ளை

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பங்கில் பீடத்துக்குப் பூ அடுக்குகிற லூர்தம்மா மயினி. தொண்ணூற்றேழாம் வருஷம், தவக்காலத்து இரண்டாம் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கோயில் படியில் செருப்பைத் தேடிக்கொண்டே ஆரம்பித்தவள், செருப்பு கிடைத்த பிறகும் அதைக் காலில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்தாள். மூக்கையாபுரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டவள் மயினி. கண்ணால் பார்த்தவள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

மூக்கையாபுரத்துக்கு மூன்று பக்கமும் உப்பளம். கொடியில் காயப்போட்ட சேலை காய்ந்து வரும்போது அதற்கு வெள்ளைக்கரை ஒன்று தானாக வந்திருக்கும், சுவரில் அடித்த ஆணி மூன்று மாதத்தில் உதிர்ந்துவிடும், குழந்தை அழுதால் கண்ணீர் எது காற்று எது என்று நாக்குக்குத் தெரியாது. அந்த ஊரில் பிரகாசி என்றொருத்தி அளத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் தோணியோடு போனவன், தோணி மட்டும் திரும்பி வந்தது. மிச்சம் ஒரே மகள், மரிய கொரற்றி, ஏழாம் வகுப்பு. விடியற்காலையில் தாயும் மகளும் அளத்தில் இறங்கி உப்பு வாருவார்கள், வெயில் ஏறியதும் தாய் மகளை அனுப்பிவிடுவாள், அவள் வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, பாவாடையை உதறிக்கொண்டு, இரண்டாம் பீரியடுக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்தோ ஒரு பெட்டி வந்தது. அதில் பழைய சட்டைகளுக்கு நடுவே சிவப்பு ரப்பர் பந்து ஒன்று, பூசணிக்காய் அளவுக்கு. கூடவே ஒரு தாளில் கிக்பால் என்கிற ஆட்டத்தின் சட்டம். விளையாட்டு வாத்தியார் வில்பிரட் சார் அதைப் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தி பந்தை உருட்டிவிட வேண்டும், ஒருத்தி உதைக்க வேண்டும், உதைத்தவள் முதல் கல், ரெண்டாங்கல், மூணாங்கல் என்று மூன்று கல்லையும் தொட்டு ஓடி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அந்த இடத்தில் ஒரு சாக்கைத் துண்டாக வெட்டி விரித்திருந்தார்கள், அதற்குப் பெயர் வீடு. வழியில் பந்தை எறிந்து யாராவது முதுகில் அடித்துவிட்டால் அவுட்டு. அவுட்டானவள் மைதானத்து ஓரத்துப் பூவரச மரத்தடியில் போய் உட்கார வேண்டும், ஆட்டம் முடிகிற வரைக்கும். பிள்ளைகள் அந்த ஆட்டத்துக்குக் கிக்கால் என்று பேர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தால் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வராது.

அணிக்கு ஒன்பது பேர், ஆக பதினெட்டு. வில்பிரட் சார் பேரெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். கொரற்றி அன்று காலையில் அளத்தில் இருந்தாள், பேர் விடுபட்டுப்போனது. மத்தியானம் வந்து நின்றவளைப் பார்த்து, "சரி, நீ உப்புக்குச் சப்பாணியா இருந்துக்கோ" என்றார். உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், சின்னப்பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்க்கிறாற்போலச் சேர்த்துக்கொள்வோமே, ஓடலாம், உதைக்கலாம், ஆனால் அவள் எடுத்த ஓட்டம் சேராது, அவளுக்கு அவுட்டும் கிடையாது. "உப்பளத்துப் பிள்ளைக்கு வேற என்ன பேரு வைக்க?" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், கொரற்றியும் சிரித்தாள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஈரப் பலகையை இழுத்து இழுத்து உரமேறிய கால் அது. அவள் உதைத்தால் பந்து பூவரசுக்கு மேலே போகும். சேராவிட்டாலும் ஓடுவாள், ஓடி வந்து சாக்கைத் தொட்டு, தாயிடம் போய், "யம்மா, இன்னைக்கும் நான் வீட்டைத் தொட்டேன்" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை லூர்தம்மா மயினி அவளுக்கு இரண்டு கரண்டி சோறு போட்டாள், முட்டை ஒன்றும். தின்றுவிட்டு ஆட்டத்துக்குப் போனாள். உதைத்தாள், ஓடினாள், மூணாங்கல்லில் வந்து நின்றாள். அடுத்து உதைக்க வந்தது வில்பிரட் சாரின் மகள் பிரிசில்லா. அவள் உதைத்த உதையில் பந்து மதிலைத் தாண்டி அளத்துப் பக்கம் போய் விழுந்தது. சார் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

"ஏட்டி சப்பாணி, நீ போய் எடுத்துட்டு வா."

"சார், நான் மூணாங்கல்லுல நிக்கேன்."

"நீ நின்னா என்ன, உக்காந்தா என்ன? உன் ஓட்டம் சேரவா போகுது?"

"என் இடம் போயிரும் சார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார். "உன் இடத்தை யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டா. நீ வந்து வீட்டைத் தொடுற வரைக்கும் ஆட்டம் முடியாது. போதுமா? ஓடு."

அவள் தலையிலிருந்த நீல ரிப்பனை அவிழ்த்து மூணாங்கல்லின் மேல் வைத்தாள், காற்றுக்குப் பறக்காமல் அதன்மேல் ஒரு சிப்பியை வைத்தாள், மதில் ஏறிக் குதித்தாள். ஒரு பாட்டம் காற்று வீசி ஓய்கிற நேரம் ஆயிற்று, இன்னொரு பாட்டமும் ஓய்ந்தது, அவள் வரவில்லை. நீள மணி அடித்தது. சார் மதிலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ அப்படியே வீட்டுக்குப் போயிருப்பா. எல்லாரும் கலைங்க" என்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத உப்புத்தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் பிரகாசிதான் மகளைக் கண்டாள். அதை மயினி விவரமாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பந்தை மட்டும் யாரும் காணவில்லை. கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள், பாத்தி பாத்தியாகத் தேடினார்கள், இல்லை.

விசாரிக்க ஆபீசர் ஒருவர் வந்தார். வருகைப் பதிவேட்டைக் கேட்டார். காலையில் கொரற்றி வரவில்லை என்று இருந்தது, அது உண்மை. மத்தியானத்துக்கு வந்திருந்தாள், டிக்கும் விழுந்திருந்தது, ஆனால் அந்த டிக்கின் மேல் ஆப்சென்ட் என்று எழுதியிருந்தது, மை கொஞ்சம் தடிமனாக. சுவரில் ஒட்டிய தாளில் பதினெட்டுப் பேர் இருந்தது, அவள் பேர் இல்லை. வில்பிரட் சார் கையைக் கட்டிக்கொண்டு, "அந்தப் பிள்ளை அன்னைக்கு ஆட்டத்திலேயே இல்ல சார்" என்றார். பதினெட்டுப் பிள்ளைகளையும் பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தார்கள். சோறு போட்ட லூர்தம்மா மயினி சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள். வேலை போய்விடும் என்று பயம். "அன்னைக்கு என் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று என்னிடம் சொல்லும்போது அவள் செருப்பை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

பிரகாசி சத்தம் போடவில்லை. வாத்தியார் வீட்டு வாசலுக்குப் போனாள். கெபித் தெருவில், குகைபோல் கல் அடுக்கி மாதா சுரூபம் வைத்த கெபிக்கு மூன்றாவது வீடு. "சார், எனக்கு ஒண்ணும் வேண்டாம். என் பிள்ளை ஆட்டத்துல இருந்தான்னு மட்டும் நாலு பேரு மத்தியில சொல்லிருங்க" என்றாள்.

"இல்லாததை எப்படிம்மா சொல்ல?" என்று கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து அவள் தினமும் அளத்துக்குப் போகும் வழியில் கெபிக்கு முன்னால் நின்று ஜெபித்தாள். கோபத்தில் மண்ணை வாரித் தூற்றுகிற ஜெபமில்லை. தலையில் முட்டாக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கையைக் குவித்துக்கொண்டு, மெல்லிய குரலில், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி: "தாயே, அந்த மனுஷனை ஒண்ணும் செய்யாதேயும். அவருக்கு நோய் நொடி வேண்டாம். அவர் பெஞ்சாதி பிள்ளைக்கு ஒரு குறையும் வேண்டாம். அவரை வீட்டுக்கு மட்டும் விடாதேயும்."

கொரற்றிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோருக்கும் காப்பி கொடுத்த அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு, வில்பிரட் சார் பள்ளிக்கூடத்திலிருந்து வழக்கம்போலப் பம்பு ரூமைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, கெபியைத் தாண்டி, தன் வீட்டுப் படியில் வலது காலை வைக்கப் போனார். தெருவில் நாலு பேர் நின்றார்கள். சிவப்புப் பந்து மேற்கேயிருந்து வந்தது, அவசரமில்லாமல், எறிந்த பிள்ளையின் கை தெரியாதது ஒன்றுதான் குறை, வந்து அவர் முதுகின் நட்டநடுவில் தொம்மென்று விழுந்தது. அடுத்த நிமிஷம் அவர் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், பையும் குடையும் மடியில். பந்தும் இல்லை. சட்டை முதுகில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரமாக ஒரு வட்டம், காயக் காய உப்பாகப் பூத்தது.

அவர் எழுந்தார், திரும்ப நடந்தார். பம்பு ரூம், ரேஷன் கடை, கெபி. படி. தொம். பூவரசு. மூன்று தடவை நடந்து மூன்று தடவை திரும்பி உட்கார்ந்த பிறகு பெரியவர்கள் கூடி நின்று காத்து கருப்பு என்றும் செய்வினை என்றும் பேச, பிள்ளைகளுக்கு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. சட்டம் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்கிச் சொன்னது: "பந்து பட்டா அவுட்டு. அவுட்டானா பூவரசுல உக்காரணும். சாருதான சொன்னாவ."

"எதுவரைக்கும்லே உக்காரணும்?"

"ஆட்டம் முடியுற வரைக்கும்."

ஒரு வாரம் ஊர் வேடிக்கை பார்த்தது. பிறகு பழகிவிட்டது. மழை பெய்தால் குடை எடுக்கிறாற்போல, ஐந்தரைக்குத் தொம்மென்று கேட்டால் அடுப்பில் உலை வைத்தார்கள், ரேடியோவில் நேரம் திருத்தினார்கள், பால்காரன் மாட்டை அவிழ்த்தான். அவர் சம்சாரம் ஸ்டெல்லா தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வருவாள், முதுகு உப்பைத் துவைத்துத் துவைத்துக் கை வெந்துபோனது. "நல்ல உப்பாத்தான் இருக்கு, குழம்புக்குப் போடலாமே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்கு இரண்டு வீட்டுக்கும் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. நாவிதர் மரத்தடிக்கே வந்தார். தபால்காரர் மரத்தடிக்கே வந்தார். பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு சிமெண்டு பெஞ்சு கட்டி, மேலே தகரம் போட்டு, பெஞ்சின் முதுகில் தங்கள் பேரை எழுதிக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு, "அவுட்டு வாத்தியாரெல்லாம் இறங்கு" என்று குரல் கொடுத்தான். பம்பு ரூமை முதல் கல் என்றும், ரேஷன் கடையை ரெண்டாங்கல் என்றும், கெபியை மூணாங்கல் என்றும் சொல்லிச் சொல்லி, கடைசியில் வெளியூர் ஆள் வந்து வழி கேட்டாலும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. நாசரேத்தில் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி பெஞ்சாதி, "வாங்க அத்தான், உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் ஜன்னல் வழியாகப் பந்து வந்தது. திருநெல்வேலியில் லாட்ஜில் ரூம் எடுத்தார். முதல் நாள் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் குளித்துவிட்டு வந்து, ஆணியில் சட்டையை மாட்டி, அப்பாடா என்று காலை நீட்டினார். தொம். கோயிலில் இருப்போம் என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார், அங்கே ஒன்றும் நடக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில் கையை விரித்து, "பிரியமானவர்களே, இது நம் எல்லோருக்கும் வீடு" என்று சொல்கிற வரைக்கும். பாடற்குழு அந்தச் சத்தத்துக்கு ஆமென் சொல்லிவிட்டது.

எங்கே அடிபட்டாலும் பூவரசுதான்.

எல்லோரும் பிரகாசியிடம் வந்தார்கள். முதலில் திட்ட வந்தார்கள், பிறகு கெஞ்ச வந்தார்கள். சாமியாரே வந்தார், அவள் வீட்டு மண்தரையில் பாயில் உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, "மன்னிச்சிரும்மா" என்றார்.

"நான் எப்பவோ மன்னிச்சாச்சு சாமி. பந்து என் கையிலயா இருக்கு?"

"நீ ஜெபம் செய்யிறியே, அதை நிறுத்தலாமே."

"ஜெபத்தை நிறுத்தச் சொல்லி ஒரு சாமியாரே சொல்லுதீகளே" என்று அவள் கவலையாகக் கேட்டாள். அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அவள் மனசு என்ன என்று மயினி ஒருத்திக்குத்தான் தெரியும். விடியற்காலையில் அளத்துக்குப் போகும்போது பிரகாசி பள்ளிக்கூட மதில் ஓரமாகவே போவாள். மரத்தடியில் அவர் தகரத்துக்குக் கீழே சுருண்டு கிடப்பதைப் பார்ப்பாள். மைதானத்தில் மூணாங்கல்லின் மேல் நீல ரிப்பன் இருக்கும், சிப்பியும் இருக்கும். புயல் அடித்த வருஷம் பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் பறந்தது, ரிப்பன் அசையவில்லை. அவள் அதைத் தொட மாட்டாள். சிப்பியின் மேல் படிந்த தூசியை மட்டும் வாயால் ஊதிவிட்டு, "நில்லு பிள்ளே, வந்துரும் முறை" என்று சொல்லிவிட்டுப் போவாள். மகளுக்கு ஓடத் தெரியும், உதைக்கத் தெரியும், அவளை எண்ணிக்கையில் சேர்க்க மட்டும் ஆளில்லை என்பதுதான் அந்தத் தாயின் வயிற்றில் கிடந்தது. செத்தவளை எழுப்ப முடியாது. சேர்க்கலாமே.

வாத்தியார் பல தினுசாகச் சொல்லிப் பார்த்தார். கொரற்றி ஆத்துமத்துக்குப் பாட்டுப் பூசை வைத்தார். பந்து நிற்கவில்லை. "நடந்தது எதுவானாலும் வருந்துகிறேன்" என்று தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். பந்து அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே வந்தது. "அவ இருந்திருக்கலாம்" என்று ஒருநாள் தனியாக மரத்திடம் சொல்லிப் பார்த்தார். மரத்திடம் சொன்னதெல்லாம் நாலு பேர் மத்தியில் சொன்னதாகுமா? பதினோரு வருஷம் இப்படிப் போனது. ரிடையர் ஆனார், மாலை போட்டதும் மரத்தடியில்தான்.

பிரிசில்லாவுக்குக் கலியாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி, மாமனார் மரத்தடியில் இருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, எந்த வீட்டில்தான் குறை இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னால் வீட்டுச் சுரூபக் கூட்டுக்கு முன்னால் முழந்தாளிட வேண்டும், தகப்பன் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் வைத்துத்தான் போட வேண்டும். ஸ்டெல்லா, "மரத்தடியிலேயே போட்டுக்கலாம்ட்டி, ஆண்டவர் எங்கேயும் இருக்கார்" என்றாள்.

பிரிசில்லா கலியாணச் சேலையோடு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். கெபி, ரேஷன் கடை, பம்பு ரூம் என்று எல்லாக் கல்லையும் தலைகீழாகத் தாண்டிப் பூவரசுக்கு வந்தாள். பின்னாலேயே கலியாணக் கூட்டம் மொத்தமும்.

"அப்பா, உதைச்சது நான்தான். சுவத்துக்கு அங்கிட்டுப் போனது என் பந்து. நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு கல்லைக் கூடக் காலால தள்ளலை, தெரியுமா உங்களுக்கு?"

"பிரிசில்லா, கூட்டம் நிக்கி."

"நிக்கட்டும். அன்னைக்குப் பதினெட்டுப் பேரு நின்னோம், எங்க வாயைத் தைச்சீங்க. இப்பச் சொல்லுங்க. சொல்லாட்டா நான் நெத்தியில சிலுவை இல்லாமலே போறேன்."

வில்பிரட் சார் பெஞ்சிலிருந்து எழுந்தார். பதினோரு வருஷத்து உப்பில் அவர் முதுகு வளைந்திருந்தது. கூட்டத்தில் பிரகாசியைத் தேடினார், அவள் மதில் ஓரத்தில் உப்புக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அவளைப் பார்த்து, ஆனால் எல்லோருக்கும் கேட்க, பழைய விளையாட்டு வாத்தியார் குரலில் சொன்னார்:

"மரிய கொரற்றி, பிரகாசி மகள், அன்னைக்கு ஆட்டத்துல இருந்தா. மூணாங்கல்லுல நின்னா. பந்தெடுக்க அனுப்பினவன் நான். வராத பிள்ளையைத் தேடாம மணியடிச்சதும் போனவன் நான். டிக்கை அழிச்சவனும் நான். அவ சப்பாணி இல்லை. ஆளு. பத்தொம்பதாவது ஆளு."

லூர்தம்மா மயினி சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து, "நான் சோறு போட்டேன்! ரெண்டு கரண்டி! முட்டையும் போட்டேன்!" என்று கத்தினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னாள். வந்திருந்த பெண்களில் அன்றைய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், இடுப்பில் பிள்ளையும் கழுத்தில் தாலியுமாக, அவர்களும் ஒவ்வொருத்தியாக, "இருந்தா, இருந்தா" என்றார்கள். பிரகாசி முட்டாக்கின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அன்றுதான் அவள் அழுததைப் பார்த்தார்கள்.

எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தார்கள். மேளக்காரர்கள் முன்னே போக, வாத்தியார் நடந்தார். பம்பு ரூமைத் தாண்டினார். ரேஷன் கடையைத் தாண்டினார். கெபியைத் தாண்டினார். படிக்கு முன்னால் நின்றார். மேற்கேயிருந்து பந்து வந்தது, ஆனால் பறந்து வரவில்லை, தெருவில் உருண்டு வந்தது, நனைந்த நாய்க்குட்டி மாதிரி, வந்து அவர் காலுக்கும் படிக்கும் நடுவில் நின்றது. எல்லோரும் திரும்பிப் பிரகாசியைப் பார்த்தார்கள்.

"ஆட்டம் முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா" என்றார் சாமியார்.

பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாத்தியாரைத் தாண்டி, பந்தைத் தாண்டி, படியேறி, அந்த வீட்டுக்குள் போனாள். பிரிசில்லாவைக் கூப்பிட்டுச் சுரூபக் கூட்டுக்கு முன்னால் முழந்தாளிட வைத்தாள். உப்பு வாரி வாரி வெடித்த கட்டைவிரலால் அந்தப் பெண்ணின் நெற்றியில் சிலுவை போட்டு, "நல்லாயிரு மக்கா. பிள்ளை குட்டியோட நல்லாயிரு. உன் பேர்ல ஒண்ணும் இல்லை" என்று கன்னத்தைத் தடவினாள். பிரிசில்லா அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள். தேற்றி எழுப்பி, சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, பிரகாசி வாசலுக்கு வந்தாள். படிக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவர்.

"சார், என் பிள்ளையைச் சேத்துட்டீங்க. ரொம்ப சந்தோஷம்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இத்தனை நாளும் அவ உப்புக்குச் சப்பாணி. சப்பாணி வந்தா என்ன, வராட்டா என்ன, நீங்க எப்ப வேணாலும் ஆட்டத்தை முடிச்சிருக்கலாம், சட்டத்துல இடமிருந்துச்சு. இப்ப அவ ஆளு. நீங்களே சொல்லிட்டீங்க. மூணாங்கல்லுல நிக்கா." அவள் குரல் கெபிக்கு முன்னால் ஜெபிக்கிற குரலைவிட உயரவில்லை. "நீ வந்து வீட்டைத் தொடுற வரைக்கும் ஆட்டம் முடியாதுன்னு அவகிட்டச் சொன்னீங்கள்லா? அவ இன்னும் வரலையே சார்."

மேளம் தானாக நின்றுவிட்டது. ஸ்டெல்லா, "பிரகாசி, நீ ஒரு தாயி இல்லையா!" என்றாள்.

"அதனாலதான் அக்கா சொல்லுதேன்."

வில்பிரட் சார் படியைப் பார்த்தார், உள்ளே சுரூபக் கூட்டில் எரிகிற சின்ன விளக்கைப் பார்த்தார், பந்தைத் தாண்டி வலது காலைத் தூக்கினார். பந்து தரையிலிருந்து எழும்பியது. தொம்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டில் ஒரு குறை இல்லை, மரத்தடிக்கும் ஒரு இலை போனது. பதிவேட்டில் ஆப்சென்ட்டை அடித்துவிட்டுப் பச்சை மையில் டிக் போட்டார்கள். சுவரில் புதுத் தாள் ஒட்டினார்கள், பத்தொன்பது பேர். பிரகாசி தினமும் கெபிக்கு முன்னால் நிற்பதை விடவில்லை, ஆனால் ஜெபத்தை மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்று லூர்தம்மா மயினி காதால் கேட்டது இது: "தாயே, வாத்தியாருக்குத் தீர்க்காயுசு கொடும். ஒரு குறையும் இல்லாம ரொம்ப நாள் இருக்கட்டும். என் பிள்ளை வர நேரமாகும்."

அது பலித்துக்கொண்டுதான் இருக்கிறது. மூக்கையாபுரத்தில் இப்போதும் பூவரச மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் வயதான ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புவார், வெறுங்கால் சத்தமாக இருந்தால் எழுந்தே நிற்பார். யாரென்று கேட்க மாட்டார். ஆட்டம் முடிஞ்சுதா என்று மட்டும் கேட்பார்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், அவர் கேட்டால், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், நல்ல வார்த்தை நாலு பேசுங்கள், இரக்கமாயிருங்கள். "இன்னும் இல்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.